கடை கடலூரில், போன் குவைத்தில்

எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் அதற்கான ஓடிபி குவைத்துக்குப் போகும். சிலிண்டர்க்காரர் கடலூர் முதுநகர் வெயிலில் வாசலில் நின்றுகொண்டு "நம்பர் சொல்லும்மா" என்பார். நான் உள்ளே ஓடி என் வீட்டுக்காரருக்குப் போன் போடுவேன். அவர் அங்கே ஒரு பெரிய கடையின் கோடவுனில் பெட்டிகளுக்கு நடுவே நிற்பார், உடனே எடுக்க முடியாது. எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, நம்பரைப் படித்துச் சொல்வதற்குள் வாசலில் நிற்பவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஒங்க நம்பர மாத்தி வச்சா என்னம்மா? ஒங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." நானும் ஒவ்வொரு தடவையும் "சரிப்பா, மாத்திர்றேன்" என்பேன். மாற்றியதில்லை.

ரேஷன் கார்டு, கரன்ட் பில், பேங்க், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் அவர் நம்பர்தான். எங்கள் ஜனங்களில் அதுதான் பழக்கம். பெண்ணின் நம்பரை வெளியே எழுதிக் கொடுக்க மாட்டோம். கொடுக்காதே என்று யாரும் வந்து என் கையைப் பிடித்ததில்லை. பேனாவை எடுத்தால் என் கையே அவர் நம்பரைத்தான் எழுதும். என் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது, அவர் நம்பர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நான் வெப்சைட் ஆரம்பித்த கதையில் இந்தப் பழக்கம்தான் எல்லா வேலையையும் பார்த்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் தைப்பது பெண்கள் தொழும்போது போட்டுக்கொள்ளும் உடை. தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை இறங்குகிற மக்கனா, அதோடு ஒரு பாவாடை, அவ்வளவுதான். தெருவில் நாலு பேர் கேட்டார்கள், தைத்துக் கொடுத்தேன். அவர்கள் சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் துணி எடுத்து வந்து, வெட்டி, தைத்து, மடித்து வைப்பேன். சம்பாதிக்கத்தான் ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கூட இருந்த மாமியாரும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவதற்குத் தையல் மெஷினை விட்டால் ஆளில்லை.

என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமானதிலிருந்து அவர் கூட இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போன் பண்ணுவார். "சாப்டியா? ஒடம்பு எப்படியிருக்கு? புள்ளைங்க பேசுச்சுங்களா? மழ உண்டா? சரி, வச்சிடவா?" இதுதான் பேச்சு. நானும் சாப்பிட்டேன், நல்லாருக்கேன், பேசுச்சுங்க, இல்ல, சரி என்பேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாது, என் நாள் எப்படிப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் என்னத்தைப் பேசுவது? போனை வைத்த பிறகு, மிச்சமிருக்கிற வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கும். எரிந்து விழவும் ஆளில்லை. தனியாக இருந்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

வெப்சைட் யோசனையைக் கொடுத்தது சிதம்பரத்தில் இருக்கிற என் தோழி. நாங்கள் இரண்டு பேரும் சிதம்பரத்தில் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். அவளைக் கோயிலைச் சுற்றியிருக்கிற வீதியிலேயே கட்டிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே கொத்சுப் பொடி இடித்து, பாக்கெட் போட்டு, வெப்சைட்டில் விற்கிறாள். ஒரு நாள் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனபோது போனில் அந்த சைட்டைக் காட்டினாள். பாக்கெட் படம், விலை, கூடை, காசு கட்டுகிற இடம் எல்லாம் அதிலேயே இருந்தது. "எவளாவது எங்கேயோ ஒக்காந்து அமுக்குவா. எனக்கு இங்க டிங்குனு சத்தம் வரும். வெலாசம், எத்தன பாக்கெட், எல்லாம் வந்து விழுந்துடும். ஒரு வார்த்த பேச வேணாம்டி" என்றாள் பெருமையாக.

அவள் அதைச் சொல்லும்போது உள்ளே அவள் மாமியார் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மச்சினர் பையன் மாடிப்படியில் பந்து உருட்டினான். அவள் வீட்டுக்காரர் சமையல்கட்டில் எதையோ காணோம் என்று மூன்றாவது முறையாகக் கத்தினார். "பாத்தியா? ஒன் வீடு மாதிரி ஒரே ஒரு நாள் எனக்குக் கெடைச்சா கோயிலுக்கு நூத்தெட்டுத் தேங்கா ஒடைப்பேன்" என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "வந்து ஒரு வாரம் இருந்து பாருடி, அப்புறம் எவ்ளோ தேங்கா ஒடைக்கிறேன்னு சொல்லு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடப் போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பி நானே தேட ஆரம்பித்தேன். அட, அதில் எத்தனை கம்பெனி, எத்தனை பேச்சு! காதில் மைக் மாட்டிய ஒரு பையன் வீடியோவில் வந்து "பத்தே நிமிஷத்துல ஒங்க வெப்சைட் ரெடி" என்பான். அவன் பேசி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகும். ஒன்று மாசா மாசம் காசு கேட்டது. இன்னொன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கேட்டது. ஒன்றில் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் பிய்ந்து கிடந்தன. இன்னொன்றில் எழுத்து அழகாக வந்தது, ஆனால் படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்னாலேயே தைத்து வைத்த சட்டை மாதிரி டெம்ப்ளேட் என்று கொடுக்கிறார்கள், நம் விஷயத்தை அதற்குள் திணித்துக்கொள்ள வேண்டியதுதான். காபிக்கடைக்கு உண்டு, நாய்க்கு முடி வெட்டுகிற கடைக்கு உண்டு, கல்யாணப் போட்டோக்காரருக்கு உண்டு. தொழுகை உடைக்கு எவன் வைத்திருப்பான்?

யோகா வகுப்புக்கான டெம்ப்ளேட் ஒன்று அமைதியாக, வெள்ளையாக இருந்தது. அதை எடுத்தேன். கடற்கரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரியை அழிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. ஒருவழியாக அழித்து, என் மக்கனாக்களை ஜன்னல் கம்பியில் ஹேங்கர் போட்டுத் தொங்கவிட்டுப் படம் எடுத்து ஏற்றினேன். ஆளுக்குப் போட்டு எடுக்கக் கூடாது, அதுவும் எங்கள் பழக்கம்தான். தோழிக்கு அனுப்பி வைத்தேன். போன் பண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் அந்தம்மா போயிருந்தாள், போனில் பார்த்தால் என் மக்கனாவுக்கு மேலே, இறுக்கிப் பிடித்த கால்சட்டையோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அஸ்தஃபிருல்லா! "ஒன் மக்கனா எல்லாம் பேய் தொங்குற மாதிரி இருக்கு, அந்தம்மாதான் பாக்க லட்சணமா இருக்கா" என்றாள் தோழி. போனை வைடி என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் தோழி வைத்திருக்கிற சைட்டையே எடுக்கலாம் என்று போனேன். அதில் கார்டு நம்பர் கேட்டது. போட்டேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கே அனுப்பியிருப்பான்? குவைத்துக்குத்தான். மச்சான் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் முடிந்தது. போங்கடா நீங்களும் ஒங்க கூடையும் என்று, காசே கேட்காத ஒரு சைட்டில் போய் விழுந்தேன். ஒரே ஒரு பக்கம்தான். மேலே பெயர், நடுவில் படங்கள், கீழே வாட்ஸ்அப் நம்பருக்கு ஒரு கட்டம். கூடை கிடையாது, டிங்கும் கிடையாது. வேண்டியவர்கள் அந்த நம்பரில் பேசிக்கொள்ள வேண்டியது. அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். எழுதினேன் என்ற நினைவுகூட இல்லை, கை எழுதிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் போன் அடித்தது. மச்சான். வேலை நாளில் அவர் கூப்பிட்டால் யாரோ மவுத் என்றுதான் அர்த்தம். மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"ஏ புள்ள, யாரோ ஒரு பொம்பள என்னைய லாத்தாங்குது!"

"என்னது?"

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா, பத்து வயசுப் புள்ளைக்கு மக்கனா கெடைக்குமா லாத்தான்னு பேசி அனுப்பியிருக்கு. என்ன புள்ள இது? என்னைய எப்ப லாத்தாவாக்கின?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நிற்கிற மனுஷனை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் சிரிப்பதைக் கேட்டு அவரும் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. பிறகு பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொன்னேன். "ஒசரம் கேளுங்க மச்சான்." "நான் எப்படி புள்ள ஊரான் வீட்டுப் பொம்பளகிட்ட ஒசரம் கேக்குறது?" "புள்ளையோட ஒசரத்தத்தான கேக்கச் சொல்றேன், அந்தம்மாவோடத இல்ல." இப்படியே நேரம் போய்விட்டது. அந்தம்மா வாங்கியும் விட்டாள்.

அன்றிலிருந்து மச்சானின் போன் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. பண்ருட்டியிலிருந்து ஒருத்தி, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருத்தி, சிங்கப்பூரில் இருக்கிற மகளுக்கு அனுப்ப ஒருத்தி. முக்கால்வாசி பேர் விசாரிக்கிறவர்கள்தான். காட்டன் வெளுக்குமா, எலாஸ்டிக் முகத்தை இறுக்குமா, பையில் மடித்து வைத்தால் எவ்வளவு சின்னதாக ஆகும் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள், அப்புறம் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "வாங்காதவளுக்கு எதுக்கு மச்சான் இத்தினி கேள்வி?" என்பேன். "வியாபாரம்னா அப்படித்தான் புள்ள, பொறுமையா பதில் சொல்லணும்" என்பார், பெரிய முதலாளி மாதிரி.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போய் வேறு பேச்சும் வந்தது. ஒரு நாள் அவர் அங்கே இருக்கிற துணிக்கடைக்குள் நுழைந்து, மக்கனாத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்னோடது இதவிட நல்லாருக்கும்" என்றார். என்னுடையதை எப்போது தொட்டுப் பார்த்தார்? கேட்டதற்கு, "போன தடவ வந்தப்ப நீ தொழுதுட்டுக் கொடியில போட்டிருந்தல்ல" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆள் குறட்டை விடுவதையும், புது மேனேஜர் நல்லவன் என்பதையும், முட்டி வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்வதையும் அந்தப் போன்களில்தான் தெரிந்துகொண்டேன். முட்டி வலி எப்போது வந்தது என்றால், அது ரொம்ப நாளாச்சு என்கிறார். ஊதாக் கலர் போடலாமா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. ஒரு நாள் முழுக்க நான் போனை எடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், கோபித்துக்கொள்கிற அளவுக்கு எனக்கு ஒரு புருஷன் கிடைத்துவிட்டார்! மறுநாள் அவரே கூப்பிட்டு, "சரி, ஊதா போட்டுக்க, ஆனா வெளிர் ஊதா" என்றார்.

தோழி விடுவாளா? "கார்டுதான பிரச்சன? என் கார்ட போட்டுக்க. ஒனக்கு நல்ல கடையா கட்டித் தர்றேன்" என்று பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாள் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த சைட்காரர்கள் போட்டிருந்தார்கள், சிதம்பரத்துக்குப் போய் அவளோடு உட்கார்ந்து கட்டினோம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக வந்தது. கூடை இருந்தது. உயரத்தை எழுத ஒரு கட்டம், கலரைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம். ஆர்டர் நேராக என் போனில் வந்து விழும். மச்சானை யாரும் லாத்தா என்று கூப்பிட வேண்டியதில்லை, எதற்குமே அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. எல்லாம் முடிந்து, பப்ளிஷ் என்ற பொத்தான் மட்டும்தான் மிச்சம்.

நான் அமுக்கவில்லை. படம் சரியில்லை என்றேன். புதுப் படம் எடுத்த பிறகு, விலை போட வேண்டும் என்றேன். விலை போட்ட பிறகு, பெருநாள் போகட்டும் என்றேன். "ஒனக்கு என்னதான்டி வேணும்?" என்று கத்தினாள். அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் வீட்டில் புருஷன் சத்தம் கேட்காத ஒரு மணி நேரத்துக்கு ஏங்குகிறாள். கூடை வந்தால் மச்சானுக்கு என்னைக் கூப்பிடக் காரணம் இருக்காது. மறுபடியும் வெள்ளிக்கிழமை, சாப்டியா, மழை உண்டா, வச்சிடவா. அந்தப் பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. காசுக்குப் பயமில்லை, வியாபாரத்துக்கும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் இருந்த வீட்டை நினைத்துத்தான் பயம்.

அப்போதுதான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், சின்னப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற உஸ்தாதம்மா. நான் தைப்பதைக் கேள்விப்பட்டு, "யா அல்லா, அந்த சைட் ஒங்களுதா லாத்தா?" என்று நெஞ்சில் கை வைத்தார். "எங்க மதரஸா புள்ளைங்க அத்தன பேருக்கும் எடுக்கலாம்னு போன் போட்டேன். ஆம்பளக் கொரலு. பயந்து போயி வச்சிட்டேன். மறுபடியும் போட்டேன், அதே கொரலு. எங்க வீட்டுல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க? நம்பரையே அழிச்சிட்டு வேற எடத்துல வாங்கிட்டோம். எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு பேர் இப்படித்தான் போன வச்சிட்டாங்க லாத்தா."

பெண்கள் மட்டுமே வாங்குகிற சாமானுக்கு ஆம்பளை நம்பரைப் போட்டு வைத்த புத்திசாலி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு என் நம்பரை ஒளித்தேன், அவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்றும் தோன்றியது. வேலை செய்கிற இடத்தில் அந்த மனுஷனை எத்தனை தொந்தரவு செய்திருக்கிறேன்! முட்டி வலியோடு நிற்பவரை ஊரான் வீட்டுப் பொம்பளைகளுக்கு எலாஸ்டிக் பற்றிப் பதில் சொல்ல வைத்திருக்கிறேன். அவர் வாய் திறந்து ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. அவருக்கும் பாரம், வியாபாரமும் போச்சு. நான் பேச்சுத்துணைக்காக இரண்டையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே சிதம்பரம் போனேன். தோழியின் வீட்டு மாடியில் உட்கார்ந்து முதலில் பழைய பக்கத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு போனில் தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. பிறகு புது சைட்டில் பப்ளிஷை அமுக்கினேன். அதில் தொடர்புக்கு என்ற இடத்தில் என் நம்பரைத் தோழிதான் அடித்தாள், நான் என் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். மச்சானின் நம்பர் எந்த மூலையிலும் இல்லை. தோழி கை கொட்டிச் சிரித்துக் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மச்சானுக்கு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இனி ஒங்களுக்குத் தொல்லையில்ல மச்சான் என்று எப்படிச் சிரித்த மாதிரி சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் மெஷின் மிதித்தேன். அதற்குள் என் போனில் டிங் என்று வந்தது, ஒன்றுக்கு இரண்டாக. உயரம், கலர், விலாசம் எல்லாம் தானாக வந்திருந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. துணியை வெட்டினேன். இந்தத் தெருவில் அந்த நேரத்தில் காக்காய்கூடக் கத்துவதில்லை. மச்சான் இப்போது யாரும் கூப்பிடாமல் நிம்மதியாகப் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மெஷினில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. மச்சான்.

"ஏ புள்ள, மங்கலம்பேட்டையிலேருந்து ஒரு பொம்பள கூப்புட்டுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். ஒன் சைட்ட இப்பத்தான் பாத்துச்சாம், நம்பர் அதுல போட்டிருந்துச்சாம். ஒடனே கூப்புட்டுச்சு."

மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பழைய பக்கம் இந்த உலகத்திலேயே இல்லை, நானே அழித்தேன். புதிய சைட்டில் இருப்பது என் நம்பர். மங்கலம்பேட்டையில் யாரும் எதையும் பார்த்திருக்க முடியாது.

"என்ன கேட்டுச்சு மச்சான்?"

"அது... சும்மா விசாரிச்சுச்சு. தொவைச்சா சுருங்குமான்னு கேட்டுச்சு. வாங்குமா வாங்காதான்னு தெரியல. நீ எதுக்கும் சொல்லு, நான் சொல்லிக்கிறேன்."

உஸ்தாதம்மா சொன்னது காதில் ஓடியது, ஆம்பளக் குரல் கேட்டால் எல்லாரும் வைத்துவிடுகிறார்கள் என்று. அப்படியானால் குடைந்து குடைந்து கேட்ட அந்தப் பண்ருட்டிக்காரி யார்? நெல்லிக்குப்பத்துக்காரி யார்? அப்புறம் சொல்கிறேன் என்று போனார்களே, ஒருத்தியும் திரும்பி வந்ததில்லையே, அவர்களெல்லாம் யார்? பார்சல் போனவர்கள் நிஜம். மிச்சப் பேரை இந்த மனுஷன் தானாக உண்டாக்கியிருக்கிறார். பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இன்றைக்கு எந்த ஊரைச் சொல்லலாம், என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்திருக்கிறார். பொண்டாட்டியைக் கூப்பிட இவருக்குக் காரணம் வேண்டியிருந்திருக்கிறது. அடப் பாவி மனுஷா, எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது!

சைட்டை மாற்றிவிட்டேன் மச்சான், ஒங்க நம்பர் இப்போ எங்கேயும் இல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் சிரித்திருப்போம், அவர் வெட்கப்பட்டு வைத்திருப்பார், அதற்கப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவார்?

"சுருங்காதுன்னு சொல்லுங்க" என்றேன். "ஒசரம் எவ்ளோவாம்?"

"ஒசரமா?" என்று இழுத்தார். அதை அவர் யோசித்து வைக்கவில்லை போல.

"ஒன் ஒசரந்தான் இருக்கும்னு நெனைக்கிறேன் புள்ள."

"கலரு?"

"கலர் சொல்லல. நீயே சொல்லேன், எது நல்லாருக்கும்?"

முந்தின நாள் திருப்பாதிரிப்புலியூரில் பார்த்த பாசிப்பச்சைத் துணியைப் பற்றிச் சொன்னேன். அது வயசானவுங்களுக்கு எடுக்குமா என்றார். அந்தம்மாவுக்கு என்ன வயசு என்றேன். பெரிய வயசில்ல, புள்ளைங்களக் கட்டிக் கொடுத்துட்டு வீட்டுல தனியா இருக்காம் என்றார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். எங்கேயோ வெளிநாட்டுல இருக்காராம் என்றார். பாவம் என்றேன். பாவந்தான் என்றார். சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும், இல்லாத அந்தப் பெண்ணுக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

"சரி புள்ள, வச்சிடவா?" என்றார்.

"அந்தம்மா நாளைக்கும் கூப்புடுமா மச்சான்?"

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"கூப்புடும் புள்ள" என்றார். "நீ எடுத்தீன்னா கூப்புடும்."